திருத்தம் தேவைப்படாத கடிதம்

மார்ச் 3

தம்பிக்கு,

என்னடா இது, அண்ணி கடிதம் எழுதுகிறாளே என்று ஆச்சரியப்படாதே. போனில் பேசலாம்தான். ஆனால் உன் குரலும் உன் அண்ணன் குரலும் ஒன்று. ஆபரேஷனுக்கு முன்னால் அவருக்கு இருந்த குரல். அதைக் காதில் கேட்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. கொஞ்ச நாளைக்குக் கடிதமாகவே இருக்கட்டும்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். தொண்டை ஆபரேஷன் ஆன பிறகு பதினான்கு மாதமும் அவர் பேசியதெல்லாம் லேப்டாப்பில் தட்டித்தான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தீர்களே, அந்த எடிட்டரில். அதில் வெறும் எழுத்து மட்டும்தான். ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. அச்சுக்குப் போகும்போது அது தடித்த எழுத்தாக மாறும். தண்ணீர் கேட்டது, தலையணையைச் சரி செய்யச் சொன்னது, என்னைத் திட்டியது, எல்லாம் ஒரே கோப்பில் தேதி போட்டு இருக்கிறது. அதை எங்கள் அச்சகத்தில் ஒரே ஒரு பிரதி புத்தகமாகப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன். யாருக்கும் கொடுப்பதற்கு இல்லை, எனக்குத்தான்.

போட்டுப் பார்த்தால் ஒரே அலங்கோலம். ஓர் இடத்தில் நட்சத்திரங்கள் அப்படியே நிற்கின்றன. இன்னோர் இடத்தில் தடித்த எழுத்து தொடங்கியது தொடங்கியபடி பத்தி முழுக்க ஓடுகிறது. ஒன்று காட்டுகிறேன், பார்:

டாக்டர் வந்தார்.*நல்ல சட்டை.*வேற ஒண்ணும் சொல்லல.

"நல்ல சட்டை" மட்டும் தடிக்க வேண்டும். தடிக்க மாட்டேன் என்கிறது. பக்கம் கட்டுகிறவர் பார்த்துவிட்டு, "நானூறு இடம் இருக்கும்மா, கையாலதான் திருத்தணும்" என்று கையை விரித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவள் நான், எனக்கா கையால் திருத்தத் தெரியாது? உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. திருத்த வேண்டுமானால் படிக்க வேண்டியிருக்கிறதே.

படிக்காமலே திருத்துகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதித் தருவாயா? நீ ஏன் வரவில்லை என்று நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

அண்ணி

மார்ச் 9

அண்ணிக்கு,

ஒன்றும் கேட்கப் போவதில்லை என்கிறீர்கள். பெரிய மனசுதான். பெரியப்பா கேட்டுவிட்டார். போன் போட்டு, "கூடப் பொறந்தவன் சாவுக்கு வராதவன் எல்லாம் ஒரு மனுஷனாடா?" என்றார். வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சொந்தக்காரர் ஒருவரும் என்னிடம் பேசுவதில்லை.

நான் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நவம்பர் பன்னிரண்டாம் தேதி அண்ணனிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டி கட்டி வாசலில் வைத்திருக்கிறேன், அப்போது வருகிறது. ஆறே வரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் சேர்ந்து நடத்திய கம்பெனியைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவன் இப்போது எதற்கு வருகிறாய் என்று ஆரம்பம். உன் முகத்தைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. நீ வர வேண்டாம். நான் செத்தால்கூட வராதே. அவ்வளவுதான். டிக்கெட்டை ரத்து செய்தேன். பெட்டியைப் பிரிக்க ஒரு வாரம் ஆயிற்று.

பத்தொன்பது நாளில் அவர் போய்விட்டார். உயிரோடு இருந்தபோது அவர் பேச்சை நான் கேட்டதில்லை, இதையாவது கேட்போம் என்றுதான் வரவில்லை. ஊர் என்னைத் திட்டட்டும். செத்தவரைக் காட்டிக்கொடுத்து நான் நல்லவனாக வேண்டாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். கோளாறு எங்கே என்று உங்கள் ஒரு வரியிலேயே தெரிகிறது. அண்ணன் புள்ளியை நட்சத்திரத்துக்கு உள்ளே வைக்கிறார். மூடிய கையோடு இடைவெளி விடாமல் அடுத்த சொல்லைத் தட்டுகிறார். முன்னால் புள்ளி, பின்னால் ஒட்டிக்கொண்டு எழுத்து என்று இருந்தால், நடுவில் நிற்கிற நட்சத்திரம் மூடுவதற்கு வந்ததா திறப்பதற்கு வந்ததா என்று அச்சுக்கு மாற்றுகிற நிரலுக்குத் தெரியாது. திறப்பதற்கு என்று எடுத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும். புள்ளியை வெளியே தள்ளி ஓர் இடைவெளி விட்டால் சரியாகிவிடும்.

இதைச் சொல்லி எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன் தெரியுமா? "புள்ளி வெளியில இருக்கணும்ணே, மெஷினுக்குப் புரியாது" என்பேன். "அழுத்திச் சொன்னா மூச்சு முடியற வரைக்கும் அழுத்தம்தான்டா, புள்ளியும் சேர்த்துத்தான். மெஷினுக்குப் புரியலன்னா மெஷினத் திருத்து" என்பார். ஒருமுறை இதற்காக இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. டீ குடிக்கக்கூடத் தனித்தனியாகப் போனோம்.

கோப்பை அனுப்புங்கள்.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

கோப்பை அனுப்பியிருக்கிறேன். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து நவம்பர் பத்து வரை. அதற்குப் பிறகு அவர் அதிகம் தட்டவில்லை, விரலில் பலம் இல்லை.

எங்கள் அச்சக வழக்கம் உனக்குத் தெரியும். நட்சத்திரத்தை மூடிய பிறகுதான் முற்றுப்புள்ளி, கால்புள்ளி எல்லாம். கேள்விக்குறியும் வெளியேதான். அப்படியே செய்துவிடு.

அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தாய். உடம்புக்கு முடியாதவர்கள் ஏதோ ஒரு வேகத்தில் எதையாவது எழுதிவிடுவார்கள். அதைத் தூக்கி மனதில் வைத்துக்கொள்ளாதே. பெரியப்பாவிடம் நான் பேசுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

மார்ச் 22

அண்ணிக்கு,

நிரல் முடிந்தது. அறுபது வரிகூட இல்லை. கோப்பின் மேல் ஓட்டினேன். ஓடி முடிந்ததும் எத்தனை இடத்தில் கை வைத்தது என்று அதுவே சொல்லும்படி வைத்திருக்கிறேன். திருத்திய இடங்கள் 412 என்றது. பக்கம் கட்டுகிறவர் நல்ல கணக்குத்தான் போட்டிருக்கிறார்.

படிக்காமல் திருத்த வேண்டும் என்றீர்கள். நான் படித்தேன். மே மாதத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு உங்கள் சமையலைத் திட்டியிருக்கிறார். குழாய் வழியாகப் பால் மட்டும் இறங்கிக்கொண்டிருந்த மாதம் அது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் செய்ததைச் சொல்கிறேன். அந்த நவம்பர் கடிதத்தையும் நிரலில் போட்டேன். அந்த ஆறு வரியும் அச்சில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. புண்ணைக் கிளறிப் பார்க்கிற புத்திதான். அதில் ஐந்து இடத்தில் நட்சத்திரம் இருக்கிறது.

திருத்திய இடங்கள் 0 என்று வந்தது.

நிரலில் கோளாறு என்று நினைத்தேன். வரி வரியாகச் சோதித்தேன். மறுபடி ஓட்டினேன். மறுபடியும் பூஜ்யம். அப்புறம்தான் கடிதத்தைக் கண்ணால் பார்த்தேன். நீ வர *வேண்டாம்*. தெம்பு எனக்கு *இல்லை*. ஐந்து இடத்திலும் புள்ளி வெளியே இருக்கிறது. புள்ளிக்குப் பிறகு அளந்துவிட்ட மாதிரி ஓர் இடைவெளி. நான்கு மாதமாக அந்தக் கடிதத்தைத் தினம் படித்திருக்கிறேன், இதைப் பார்க்கவில்லை. அதில் இருந்த சொற்களைத் தாண்டி எனக்குக் கண் போகவில்லை.

பதினான்கு மாதத்தில் அண்ணன் ஒருமுறைகூடப் புள்ளியை வெளியே வைக்கவில்லை. தப்பித்தவறிக்கூட இல்லை. நம் வீட்டில் அப்படி வைக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். எனக்கு நானே கடிதம் எழுதிக்கொள்ளவில்லை.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை அண்ணி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. அண்ணன் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால், என்னதான் சொன்னார்?

சொல்லுங்கள்.

தம்பி

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

பதினோரு நாள் ஆயிற்று. நான் போனே போட்டுவிடுவேன். என் குரலைக் கேட்க முடியாது என்றீர்களே என்றுதான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நான்தான் எழுதினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து அவர் லேப்டாப்பிலேயே எழுதி, அவர் பெயரிலேயே அனுப்பினேன். நட்சத்திரம் போட வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. புள்ளியை மட்டும் கை தன் பாட்டுக்கு வைத்துவிட்டது. ஊரார் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். சிரிப்பாய்ச் சிரிக்கிறது என் பிழைப்பு.

ஏன் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, புற்று மறுபடியும் வந்துவிட்டது, இன்னும் சில வாரம்தான் என்றார். நான் உள்ளே போய், "ஒண்ணுமில்லையாம், சின்ன இன்ஃபெக்‌ஷன்தானாம், வீட்டுக்குப் போகலாமாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் நம்பிவிட்டார் என்று நினைத்தேன். பதினோராம் தேதி, உன்னைக் கூப்பிடுகிற அந்தச் செல்லப் பேரைப் போட்டு அவர் தட்டியது இது. உனக்கு அனுப்பிய கோப்பில் இதிலிருந்துதான் வெட்டினேன்.

சுண்டுவ வரச்சொல்லு.*இப்பவே.*அப்புறம்னு சொல்லாத.

"எதுக்கு இப்ப அவனப் போட்டுத் தொந்தரவு பண்ணணும், நீங்க எழுந்து நடமாடினதும் வரட்டுமே" என்றேன். அன்று சாயங்காலமே நீயாகப் போன் போட்டு, மனசு கேட்கவில்லை, டிக்கெட் எடுத்துவிட்டேன் என்கிறாய். எனக்கு உயிரே போய்விட்டது. அத்தனை தூரத்திலிருந்து நீ ஓடிவந்து கட்டில் பக்கத்தில் நின்றால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடாதா? சாதாரணமாக வராதே என்றால் நீ கேட்கிற ஆளும் இல்லை. எந்த இடத்தில் அடித்தால் நீ நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அங்கே பார்த்து அடித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் பதினைந்து நாள் ஆயிற்று. நீ வந்தால் மிச்ச நாளெல்லாம் உங்கள் இரண்டு பேருடையதாகிவிடும் என்று நினைத்தேன். நீங்கள் இருவரும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இந்த வீட்டில் மூன்றாவது ஆள் ஒருத்தி இருப்பது உங்களுக்கு எப்போதாவது தெரிந்திருக்கிறதா? அவர் எனக்கு மட்டும் வேண்டும் என்று பட்டது. கேவலம்தான். இருந்ததைச் சொல்கிறேன்.

பத்தொன்பது நாளும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். டிக்கெட் கிடைக்கவில்லையாம் என்றேன். லீவு தரவில்லையாம் என்றேன். மூன்றாம் நாள் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். சன்னல் பக்கம் தலை இருந்தது. கதவு தெரிகிற மாதிரி போட வேண்டும் என்றார். நானும் கீழ்வீட்டுக்காரரும் பிடித்துத் திருப்பினோம். யாராவது படியேறி வந்தால் கழுத்தைத் தூக்கிப் பார்ப்பார். பால்காரர், நர்ஸ், மருந்துக் கடையிலிருந்து வருகிறவர். எல்லாருக்கும் அவர் கழுத்தைத் தூக்கினார்.

அவர் போன அன்று உறவுக்காரர் அத்தனை பேரும், "எங்க உன் கொழுந்தன்?" என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததற்கு அவர்களாகவே ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு கோப்பைத் திறந்தேன். நவம்பர் இருபத்து நாலாம் தேதி, நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், உனக்கு என்று இதைத் தட்டி வைத்திருக்கிறார்:

சுண்டு,வந்ததும் இதப் படி.எனக்கு எல்லாம் தெரியும்.நர்ஸ் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.உங்க அண்ணிக்கு மட்டும் *தெரிய வேணாம்.*எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டுதான் அவ ஒரு வாய் சாப்பிடறா.அவ எதிர்ல அழுது தொலைக்காத.நீ கம்பெனிய விட்டுப் போனத நான் எப்பவோ மன்னிச்சாச்சு.ஆனா இதுல எழுதமாட்டேன்.நேர்ல வந்து *கேளு.*

அவருக்குத் தெரியக்கூடாது என்று உன்னை நிறுத்தினேன். அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன சொல்ல, தம்பி? புத்தகம் போட வேண்டும் என்றேனே, அதுகூட இந்தக் கடைசி நாட்கள் இல்லாத ஒரு கோப்பு எனக்கு வேண்டும் என்பதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மிச்சக் கோப்பு முழுக்க இதோடு வருகிறது. ஒரு எழுத்தும் எடுக்கவில்லை. பெரியப்பாவுக்கு எழுதப் போகிறேன், நடந்ததை நடந்தபடி.

அண்ணி

ஏப்ரல் 19

அண்ணிக்கு,

படித்தேன். ஒரே மூச்சில் முடியவில்லை. பத்தொன்பது நாளையும் நாளுக்கு ஒன்றாகப் படிக்கலாம் என்று வைத்தேன். நாலாம் நாள் பொறுக்காமல் மொத்தத்தையும் படித்துவிட்டேன்.

என்னுடைய அந்தப் பத்தொன்பது நாள் என்ன என்று எடுத்துப் பார்த்தேன். நவம்பர் பதினேழில் முடி வெட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்றில் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள், கேக் தின்றிருக்கிறேன். இருபத்து நாலில், அவர் எனக்கு அதைத் தட்டிக்கொண்டிருந்த அன்று, புது ஷூ கடிக்கிறது என்று கடையில் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். அங்கே அவர் மருந்துக்காரருக்கெல்லாம் கழுத்தைத் தூக்கியிருக்கிறார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. பொய்யாக எழுதி உங்களுக்கு அனுப்ப மாட்டேன், அந்த வேலையை நம் வீட்டில் ஒருவர் செய்தது போதும். இது உங்களுக்குச் சுருக்கென்று குத்தும். குத்தட்டும்.

ஆனால் பெரியப்பாவுக்கு எழுத வேண்டாம். எழுதியாகிவிட்டால் சரி. எழுதவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நான் இங்கே இருக்கிறேன், அவர்கள் திட்டுவது என் காதில் விழாது. நீங்கள் அந்தத் தெருவில்தான் இருந்தாக வேண்டும். அண்ணன் கடைசி வரை உங்களுக்கு ஒன்று தெரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்ட ஆளை நான் தெருவில் நிறுத்த மாட்டேன்.

ஜூன் மாதம் லீவு போட்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டிலைத் திருப்பிவிடாதீர்கள். அதில் கொஞ்ச நேரம் படுத்து, அங்கேயிருந்து அந்தக் கதவைப் பார்க்க வேண்டும்.

தம்பி

ஏப்ரல் 21

தம்பிக்கு,

அது வாடகைக் கட்டில். அவர் போன மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தரையில் நாலு காலும் அழுந்திய தடம் மட்டும் இருக்கிறது. எந்தப் பக்கம் தலை என்று நான் காட்டுகிறேன். பெரியப்பாவுக்கு எழுதிவிட்டேன், நீ வேண்டாம் என்று சொல்லும் முன்பே. மன்னிக்காமலே வா. ஜூன் வரை காத்திருக்காதே, இப்பவே வா.

அண்ணி